மின்சாரக் காரின் மின்கலன் நிலை: அறியும் உரிமை யாருக்கு?

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் பதிவான புதிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார். சென்ற ஆண்டு அந்தப் பங்கு மேலும் உயர்ந்தது. 2030 முதல் பதிவாகும் புதிய கார்கள் அனைத்தும் தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்கவேண்டும். அதற்குள் தீவு முழுவதும் 60,000 மின்னூட்டு இடங்களை அமைக்கவும் இலக்கு வகுக்கப்பட்டுள்ளது.

இந்த எண்கள் எல்லாம் புதிய கார்களைப் பற்றியவை. பழைய கார்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மின்சாரக் கார்களுக்கான பதிவுக் கட்டணத் தள்ளுபடித் திட்டம் 2021 ஜனவரியில் தொடங்கியது. அப்போது வாங்கப்பட்ட கார்களின் பத்தாண்டு சிஓஇயில் பாதி இப்போது கழிந்துவிட்டது. அவற்றில் பல மறுவிற்பனைச் சந்தைக்கு வருகின்றன.

பழைய பெட்ரோல் காரை வாங்குபவர் என்ஜின் ஓசையைக் கேட்பார், புகையின் நிறத்தைப் பார்ப்பார், எண்ணெய்க் கசிவைத் தேடுவார். மின்சாரக் காரில் ஆக விலையுயர்ந்த பாகம் மின்கலன். அது ஓசை எழுப்பாது, புகை விடாது. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது காரின் கணினிக்குள் எண்களாக மட்டுமே இருக்கிறது. அந்த எண்களை யார் படிக்கலாம் என்ற கேள்வி இன்று உலகின் பல நாடுகளில் சட்டப் பிரச்சினையாகியுள்ளது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் எனக்கு அது பாடத்தோடும் குடும்பத்தோடும் தொடர்புடைய கேள்வியாகிவிட்டது.

புகைக்காக வந்த இணைப்பு

ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே, ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட ஒரு சிறிய இணைப்பு இருக்கும். பழுதுபார்ப்பவர் காரைப் பரிசோதிக்கத் தம் கருவியை அதில்தான் செருகுவார். ஓபிடி என்பது அதன் பெயர்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வாகனப் புகை பெரும் தொல்லையாக இருந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதை எந்தப் பட்டறையும் சோதிக்க முடியவேண்டும் என்று அம்மாநிலத்தின் காற்றுவள வாரியம் வற்புறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவ இணைப்பும் ஒரே வகைக் கட்டளைகளும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அந்த விதி 2001ல் வந்தது.

இதனால் சாதாரண உரிமையாளருக்கும் ஒரு நன்மை கிடைத்தது. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் புளூடூத் கருவியை அந்த இணைப்பில் செருகி, கைப்பேசிச் செயலியில் என்ஜின் வேகம், வெப்பம், பழுதுக் குறியீடு ஆகியவற்றைப் பார்க்கலாம். எந்த நிறுவனத்தின் கார் என்பது அங்கே பொருட்டில்லை.

மின்சாரக் கார் புகை விடுவதில்லை. ஆகவே, புகைக்காக எழுதப்பட்ட அந்தப் பொதுக் கட்டளைகள் அதற்குப் பொருந்துவதில்லை. இணைப்பு பெரும்பாலும் அதே இடத்தில் அதே வடிவில் இருக்கிறது. ஆனால், மின்கலனைப் பற்றி எல்லாக் கார்களுக்கும் பொதுவான பதில் அதிலிருந்து வருவதில்லை. உரிமையாளரின் உரிமையைப் பறிக்க யாரும் திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. புகையோடு ஒட்டிப் பிறந்த உரிமை, புகை போனதும் தானாகக் கழன்றுவிட்டது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மொழி

காருக்குள் இருக்கும் பல சிறு கணினிகள் ‘கேன்’ எனப்படும் இரட்டைக் கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய முறை இது. ஓபிடி இணைப்பின் 6ஆம் ஊசியும் 14ஆம் ஊசியும் அந்தக் கம்பிகளுக்கு உரியவை.

பெட்ரோல் காரிடம் ‘01’ என்ற கட்டளையை அனுப்பினால் எல்லாக் கார்களும் புரிந்துகொள்ளும். மின்சாரக் காரின் மின்கலன் விவரங்களுக்குப் பெரும்பாலும் ‘22’ என்ற கட்டளை தேவை. ‘இந்த எண்ணுள்ள விவரத்தைக் கொடு’ என்பது அதன் பொருள். அந்த விவர எண் 65,536 எண்களில் எதுவாகவும் இருக்கலாம். எந்த எண்ணில் எந்த விவரம் இருக்கிறது, வரும் பதிலை எப்படி வோல்ட்டாகவோ டிகிரியாகவோ மாற்றுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. பொதுவாக அதை வெளியிடுவதும் இல்லை.

இன்று செயலிகளில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பகுதி ஆர்வலர்கள் பொறுமையாகக் கண்டுபிடித்தவை. காரை மின்னூட்டும்போது எந்த எண் மாறுகிறது, குளிரூட்டியைப் போட்டால் எது மாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்து அவர்கள் அவற்றைத் தொகுத்தார்கள். ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் அந்தப் பட்டியல் பயனற்றுப் போகலாம். சில கார்களில் இணைப்பே வேறு இடத்தில் இருக்கும். டெஸ்லா மாடல் 3ல் நடுப்பகுதிப் பெட்டிக்குப் பின்னால் தனிக் கம்பி இணைத்துத்தான் படிக்கவேண்டும்.

அரிசோனா சொன்ன பாடம்

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்தது நன்றாகக் காட்டுகிறது. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரில் 24 கிலோவாட் மணி மின்கலன் இருந்தது. அதைக் குளிர்விக்கத் திரவக் குழாய்கள் இல்லை. கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஃபீனிக்ஸ் நகரில், 2012ல் பல உரிமையாளர்கள் தங்கள் காரின் ஓடுதூரம் குறைவதாகப் புகார் செய்தனர்.

காரின் முகப்பில் மின்கலன் கொள்ளளவைக் காட்ட 12 கோடுகள் உண்டு. முதல் கோடு மறையும்போது ஏறக்குறைய 15 விழுக்காடு கொள்ளளவு போயிருக்கும். அதற்குள் நடப்பது எதுவும் உரிமையாளருக்குத் தெரியாது. அதனால் சிலர் பழுதறியும் இணைப்பு வழியாகக் கேன் கம்பியில் ஓடும் தகவலைப் படிக்கும் கருவியைத் தாங்களே செய்தார்கள். மின்கலனில் இருக்கும் ஆற்றலைக் குறிக்கும் ஓர் எண் அதில் கிடைத்தது. புதிய காரை முழுமையாக மின்னூட்டினால் அது 281 காட்டும். தேய்ந்த காரில் அதைவிடக் குறைவாக இருக்கும். உரிமையாளர்கள் தங்கள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் 12 கோடுகளில் 9க்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக நிசான் கொள்ளளவு உத்தரவாதம் கொடுத்தது.

நம் ஊரில் 40 டிகிரி வெயில் இல்லை. ஆனால், குளிர்காலமும் இல்லை. மின்கலன் ஓடாமல் நின்றாலும் வெப்பத்தில் தேயும். நிரம்பிய நிலையில் வெப்பத்தில் நீண்டநேரம் நின்றால் இன்னும் வேகமாகத் தேயும். இன்றைய கார்கள் பலவற்றில் திரவக் குளிர்விப்பு இருப்பதால் நிலைமை மேம்பட்டுள்ளது. இருந்தாலும், பலமாடிக் கார்நிறுத்துமிட நிழலில் நின்ற காருக்கும் திறந்தவெளியில் தினமும் வெந்த காருக்கும் வேறுபாடு இருக்கலாம். வாங்குபவருக்கு அதைச் சொல்லக்கூடியவை அந்த எண்கள்தான்.

மாமா பார்க்கப் போன கார்

என் மாமா தனியார் வாடகை கார் ஓட்டுநர். சென்ற ஆண்டு ஒரு பழைய மின்சாரக் காரை வாங்க நினைத்தார். விற்பனையாளர் காரை முழுமையாக மின்னூட்டி வைத்திருந்தார். முகப்பில் 100 என்று இருந்தது. “பாருங்கள் அண்ணே, பேட்டரி நூறு விழுக்காடு” என்றார்.

அந்த நூறு, மின்கலன் இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்பது வேறு எண். பெரிய குவளையும் நிரம்பும், சிறிய குவளையும் நிரம்பும். குவளை சுருங்கியிருக்கிறதா என்பதை முகப்பு சொல்லாது.

விற்பனையாளரின் அனுமதியோடு என் புளூடூத் கருவியைச் செருகினேன். மாமா காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து விநாடிக்கு ஒருமுறை எண்களைப் பதிவு செய்தேன். தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட செல்களின் வோல்ட் அளவு வரிசையாக வந்தது. கார் நின்றபோது எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. மேம்பாலத்தில் ஏறும்போது மாமா வேகத்தைக் கூட்டினார். அப்போது ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்தது. வேகம் குறைந்ததும் மீண்டது. மூன்று முறை முயன்றோம், மூன்று முறையும் அதே செல்.

செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் ஆகப் பலவீனமான செல்தான் முழுத் தொகுப்பின் எல்லையை முடிவு செய்யும். இதை வைத்து அந்தக் கார் கெட்ட கார் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேள்வி கேட்கப் போதுமான காரணம் அது. மின்கலனின் கொள்ளளவை ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி மாமா கேட்டார். விற்பனையாளர் மறுத்தார். “எழுதித் தர முடியாததை எதுக்குப்பா நாம வாங்கணும்?” என்று சொல்லி மாமா கிளம்பிவிட்டார். சில வாரங்கள் கழித்து, எழுதித் தர ஒப்புக்கொண்ட வேறொருவரிடம் வாங்கினார்.

மாமாவுக்கு இது வாழ்வாதாரம். பல நிறுவனங்கள் மின்கலனுக்கு எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்தியதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர். மூன்று ஆண்டு முடிவதற்குள் உத்தரவாதம் முடிந்துவிடும். அதன்பிறகு மின்கலனின் நிலை முழுக்க ஓட்டுநரின் பொறுப்பு.

எண்ணை அப்படியே நம்பலாமா?

செயலியில் ‘மின்கலன் நலம் 94 விழுக்காடு’ என்று வந்தால் அது தராசில் நிறுத்த எடையைப் போன்றதன்று. காரின் கணினி போடும் மதிப்பீடு அது. கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இங்கு அதிகம் விற்கும் பிஒய்டி கார்களில் உள்ளது போன்ற இரும்பு பாஸ்பேட் மின்கலன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதி நிரம்பியிருந்தாலும் முக்கால் நிரம்பியிருந்தாலும் அவற்றின் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவ்வப்போது முழுமையாக மின்னூட்டினால்தான் கணினியின் கணக்கு சரியாகும்.

ஆகவே, நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. உயர்நிலைப் பள்ளி அறிவியலே அதற்குப் போதும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். மின்னூட்டும்போது அதை விநாடிக்கு விநாடி பதிந்து கூட்டினால் உள்ளே போன ஆற்றல் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 20 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரை 38.5 கிலோவாட் மணி போனதாக வைத்துக்கொள்வோம். 70 விழுக்காட்டுக்கு 38.5 என்றால் முழுக் கொள்ளளவு 55. புதிதில் 60 இருந்திருந்தால் மிச்சம் சுமார் 92 விழுக்காடு. ஒருமுறை செய்து முடிவுக்கு வரக்கூடாது. வெவ்வேறு நாள்களில் பலமுறை செய்து சராசரி எடுக்கவேண்டும். மின்னூட்டு நிலையத்தின் ரசீதில் உள்ள எண்ணையும் இதற்குப் பயன்படுத்த முடியாது. வழியில் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

பூட்டுவதற்கும் காரணம் உண்டு

நிறுவனங்கள் இந்த இணைப்பைப் பூட்ட விரும்புவது வெறும் பேராசையால் என்று சொல்வது நியாயமாகாது. 2015ல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்புறுதி நிறுவனங்கள் ஓபிடியில் செருகத் தந்த ஒரு வகைக் கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, ஒரு கார்வெட் காரின் பிரேக்கை மெதுவான வேகத்தில் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். கேன் கம்பிக்குள் நுழையும் கருவி படிப்பதோடு நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டளையும் இடலாம்.

இதற்குத் தீர்வு படிப்பதையும் எழுதுவதையும் பிரிப்பது. மின்கலனின் வோல்ட், வெப்பம், கொள்ளளவு ஆகியவற்றைப் படிக்க உரிமையாளருக்கு வழி இருக்கட்டும். பிரேக், மோட்டார் போன்றவற்றுக்குக் கட்டளையிடும் வழி பூட்டியே இருக்கட்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி இரண்டையும் சேர்த்துப் பூட்டும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஐரோப்பிய நீதிமன்றமும் இதை ஒட்டிய ஒரு தீர்ப்பை 2023 அக்டோபரில் வழங்கியது. ஜெர்மனியில் தொடங்கிய அந்த வழக்கில், ஓபிடி தகவலைப் பெறப் பட்டறைகள் தன்னிடம் பதிவு செய்து, இணையம் வழி இணைந்து, சந்தா கட்டவேண்டும் என்று எஃப்சிஏ இத்தாலி நிறுவனம் விதித்திருந்தது. சட்டத்தில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளை உற்பத்தியாளர் விதிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

மற்ற நாடுகள் போகும் திசை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கலன் சட்டம் நான் மேலே சொன்ன பிரிவினையை ஏற்கெனவே செய்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 18 முதல், மின்வாகன மின்கலனைச் சட்டப்படி வாங்கியவர் அதன் நலத்தைக் காட்டும் விவரங்களைப் படிக்க மட்டும் அனுமதி பெறவேண்டும் என்கிறது அது. 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்வாகன மின்கலனுக்கும் மின்னிலக்கக் கடப்பிதழ் ஒன்றும் வரவிருக்கிறது.

ஐக்கிய நாட்டு அமைப்பின் வாகன விதிகள் மன்றம் 2022ல் வகுத்த விதி, தேய்மானத்துக்கு எல்லை வகுத்தது. ஐந்து ஆண்டு அல்லது 100,000 கிலோமீட்டர் வரை குறைந்தது 80 விழுக்காடு, எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் வரை குறைந்தது 70 விழுக்காடு கொள்ளளவு இருக்கவேண்டும் என்பது அந்த எல்லை.

கலிஃபோர்னியாவும் 2026 மாடல் முதல் மின்கலன் நலத்தை ஓட்டுநருக்குக் காட்டவேண்டும் என்று 2022ல் விதித்தது. ஆனால், 2025 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமும் அதிபரும் அம்மாநிலத்தின் சிறப்பு அனுமதியை ரத்து செய்தனர். மாநிலம் நீதிமன்றத்துக்குச் சென்றது. உரிமையாளரின் உரிமை அரசியலில் சிக்கினால் எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சீனா வேறு வழியில் போகிறது. அங்கு மின்சார வாகனங்களின் இயக்கத் தரவு, நிறுவனங்கள் வழியாக அரசாங்கக் கண்காணிப்புத் தளத்துக்குச் செல்கிறது. ஐரோப்பாவில் உரிமையாளர், சீனாவில் அரசாங்கம். விதியே இல்லாத இடத்தில் தகவல் நிறுவனத்தின் கையில் தங்கிவிடும்.

இங்கே என்ன செய்யலாம்?

சிங்கப்பூர் சிறிய சந்தை, உலக நிறுவனங்களுக்கு நாம் விதி சொல்ல முடியாது என்ற வாதம் எழும். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. ஐரோப்பாவில் விற்க அந்நிறுவனங்கள் செய்துதான் ஆகவேண்டிய வசதியை இங்கும் திறந்துவிடச் சொன்னால் போதும். ஒரு மாடல் இங்கு விற்பனைக்கு வருமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலைப் பெறவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் இதைக் கேட்கலாம்.

மறுவிற்பனைக்கும் இது பயன்படும். குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன் சட்டம்’ இங்கு 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. பழைய கார்களுக்கும் அது பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால், மின்கலன் தேய்மானம் குறையா, வயதுக்கேற்ற இயல்பா என்று எப்படி முடிவு செய்வது? ஒப்படைத்த நாளில் எழுதிவைத்த எண் இருந்தால் பேச ஓர் ஆதாரம் இருக்கும். ஓடிய கிலோமீட்டரை ஒப்பந்தத்தில் எழுதுவதுபோல் மின்கலன் கொள்ளளவையும் அளந்த முறையோடு எழுதுவது வழக்கமாகவேண்டும்.

இளையர்களுக்கு இதில் வேலையும் இருக்கிறது. மின்வாகனப் பழுதுபார்ப்பில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவரைப் போலவே தரவைப் படிக்கத் தெரிந்தவரும் தேவைப்படுகிறார். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இதற்கான பயிற்சிகள் உள்ளன. நம் சமூகத்தில் வாகனம் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பிள்ளைகள் இதைக் கற்றால் பலன் முதலில் அவர்கள் வீட்டுக்கே வரும்.

முயன்று பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்:

கருவியைச் செருகுமுன் காரின் உத்தரவாத, காப்புறுதி நிபந்தனைகளைப் படியுங்கள். பிறர் காரென்றால் அனுமதி கேளுங்கள்.

1234 போன்ற கடவு எண்ணோடு வரும் மலிவான புளூடூத் கருவியைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நிற்பவரும் அதில் இணையலாம். கார் உறங்கப் போகாமல் 12 வோல்ட் மின்கலன் தீர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

படிக்கும் செயலிகளை மட்டும் பயன்படுத்துங்கள். அமைப்புகளை மாற்றும் வசதி இருந்தால் தொடாதீர்கள். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகள் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை.

ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள். பதிவாகும் கோப்பை வீட்டில் அட்டவணையாகத் திறந்து பார்க்கலாம்.

மாதம் ஒருமுறை, ஒரே மாதிரியான சூழலில் பதிவு எடுத்துச் சேமியுங்கள். ஒரு நாளின் எண் அதிகம் சொல்லாது. இரண்டு ஆண்டுப் பதிவு கையில் இருந்தால், காரை விற்கும் நாளில் வாங்குபவரிடம் தாராளமாக நீட்டலாம்.